நன்கு பராமரிக்கப்பட்டது



ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலே சிறு விளம்பரப் பக்கம் என்று ஒன்றுண்டு. அரசியல் கட்டுரை எழுதுபவர்கள் கேட்டால் மனம் நோவார்கள், ஆனால் அந்தப் பக்கத்தை முதலில் விரிக்கும் வாசகர்கள் நம்மிடையே அதிகம். காணி, வீடு, மணமகன், மணமகள், மோட்டார் வாகனம் எல்லாம் அங்கே அருகருகே இருக்கும். அவற்றின் மொழியும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாமே நல்ல நிலையில் இருக்கும், எல்லாவற்றுக்கும் நல்ல பின்னணி இருக்கும், குறை என்று ஒன்றும் இருக்காது.

வாகன விளம்பரங்களில் ஒரு சொற்றொடர் தவறாமல் வரும்: "நன்கு பராமரிக்கப்பட்டது". தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இந்தச் சொற்றொடரில் என் கண் தங்குவதுண்டு. இது செயப்பாட்டு வினை. "கண்ணன் காரைப் பராமரித்தான்" என்றால் செய்தவன் முன்னே நிற்கிறான். "கார் பராமரிக்கப்பட்டது" என்றால் கார் முன்னே வந்துவிடுகிறது, செய்தவன் மறைந்துவிடுகிறான். யார் பராமரித்தார்? எப்படி? எத்தனை வருடம்? எந்தக் கஷ்டத்தில்? இந்தக் கேள்விகள் எவற்றுக்கும் விடை சொல்லாமல் தப்பித்துக்கொள்ள "படு" என்ற துணைவினை வசதி செய்து கொடுக்கிறது. விற்பவருக்கு இலாபம், வாங்குபவருக்கு ஐமிச்சம்.

அப்படியான ஒரு விளம்பரத்தை எழுதித் தரும்படி 2024ஆம் ஆண்டில் என்னிடமே ஒருவர் கேட்டார். உரும்பிராயில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருந்த மாமி. இரத்த உறவில்லை, அயலுறவு. அவருடைய கணவர் நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். 2023இல் காலமானார். மகன் ரொறன்ரோவில். மாமியும் அங்கே போவதற்கு விசா வந்துவிட்டது. வீட்டைப் பார்க்க ஒரு மருமகன் இருந்தார். காரைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"தம்பி, நீங்கள் தமிழ் படிப்பிக்கிற ஆள். நாலு வசனத்திலை எழுதித் தாங்கோ. பொய் மட்டும் வேண்டாம்" என்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்றயம்ப் ஹெரால்ட் கூப்பே. இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஸ்ராண்டர்ட் ட்றயம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட வகை. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். மாமி வீட்டுக் கார் 1960ஆம் ஆண்டுக்குரியது. 948 சிசி எஞ்சின், இரட்டைக் காபரேற்றர், இரண்டு கதவு. "கூப்பே" என்பது பிரெஞ்சுச் சொல். வெட்டப்பட்டது என்று பொருள். முன்னாளில் நாலு பேர் எதிரெதிராக அமரும் குதிரை வண்டியில் ஒரு பக்க ஆசனத்தை வெட்டிக் குறுக்கி இருவருக்கு மட்டுமாக்கிய வண்டிக்கு அந்தப் பெயர் வழங்கியது. பிறகு அது மோட்டார் காருக்கும் வந்தது. எங்கள் ஊரில் இதை யாரும் கூப்பே என்று சொன்னதில்லை. "ரெண்டு கதவுக் கார்" என்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெருமையாகச் சொல்ல விரும்பிய என் வகுப்புத் தோழன் ஒருவன் அதை "விளையாட்டுக் கார்" என்று மொழிபெயர்த்தான். அன்றிலிருந்து அது எங்களுக்கு விளையாட்டுக் கார்தான்.

ஹெரால்டில் இரண்டு விசேடங்கள். ஒன்று, அதன் பொனற் பக்கத் தகடுகளோடு சேர்ந்து முழுதாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சில்லுகளும் வெட்டவெளியாகத் தெரியும். மெக்கானிக் முன் ரயரிலேயே குந்தியிருந்து வேலை செய்யலாம். மற்றது, அதன் உடல் தனித்தனிப் பகுதிகளாகச் சசியின் மேல் போல்ட் பூட்டி அமைந்தது. கூரையைக்கூடக் கழற்றலாம். இந்த இரண்டாவது விசேடத்துக்குப் பின்னால் வருகிறேன்.

சென்னையிலும் 1961இல் இருந்து இந்த வகை "ஸ்ராண்டர்ட் ஹெரால்ட்" என்ற பெயரில் தயாரானது. பிற்காலத்தில் அதற்கு நாலு கதவும் வைத்தார்கள். இதனால் நமக்கு ஒரு நன்மை இருந்தது. 1983க்கு முன்னர் இராமேஸ்வரம் - தலைமன்னார்க் கப்பலில் போய் வந்தவர்களிடம் சொல்லிவிட்டு அளவையாளர் ஐயா அங்கிருந்து உதிரிப் பாகங்கள் எடுப்பித்தார். டிக்கிக்குள் ஒரு பழைய பிஸ்கற் தகரம் இருந்தது. அதற்குள் மேலதிகப் பிளக்குகள், பொயின்ற்கள், பம்ப் டயபிராம். உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் கீழே மேலதிகமாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் ஓர் உவமை சொல்கிறார். அந்தப் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்தப் பிஸ்கற் தகரம்தான் என் ஞாபகத்தில் வரும்.

ஆயினும் அந்தக் காரின் பெரும் பகுதி தகரத்தில் இல்லை, ஒரு கொப்பியில் இருந்தது. ஐயா அளவையாளர் அல்லவா, அளக்காமல் எதையும் செய்யமாட்டார். ஹற்றன் பக்கத்துத் தோட்ட டொக்டர் ஒருவரிடமிருந்து 1968இல் காரை வாங்கிய நாளிலிருந்து திகதி, மைல், காரணம், செய்த வேலை என்று நாலு நிரலாக எழுதி வந்திருக்கிறார். ஒன்றல்ல, ஐந்து கொப்பிகள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி.

முதல் இரண்டு கொப்பிகளை விரைவாகத் தாண்டலாம். கந்தோர், கோயில் திருவிழா, கலியாண வீடு, ஒயில் மாற்றியது. மூன்றாவது கொப்பிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அது 1990 யூன் மாதத்துக்குப் பின்னர் எழுதப்பட்டது.

அந்தக் காலத்தை அறிந்த நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறியாத இளைய நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். யுத்தம் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றித்தான் நாங்கள் வானொலி கேட்டோம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்ரின் ஏ போர்ட்டியும் கேம்பிறிட்ஜும் மொறிஸும் வெண்புகை கக்கிக்கொண்டு போன காட்சி யாழ்ப்பாணத்தாரின் நினைவில் என்றும் இருக்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவாகப் பற்றாது. ஆகையால் சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் கொடுத்து ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் அடுத்த முறை தள்ளினாலும் எழும்பாது. தள்ளிய பையன்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பத்து வயது.

மண்ணெண்ணெயில் ஓடினால் எஞ்சின் பாழாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எரியாமல் மிஞ்சிய எண்ணெய் பிஸ்ரன் ஓரமாகக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகும், எஞ்சின் தேயும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒயிலோ கிடைக்காது. ஐயா வடிந்த ஒயிலைத் துணியில் வடித்து, பல நாள் தெளியவிட்டு, மேலே நின்றதை மாத்திரம் எடுத்து மறுபடியும் பாவித்ததாகக் கொப்பி சொல்கிறது. பிளக்குகளை இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றிக் கரி சுரண்டியிருக்கிறார்.

காரணம் என்ற நிரலைப் பாருங்கள். "பெரியாஸ்பத்திரி, போக வர 10 மைல். பெண் குழந்தை." "பெரியாஸ்பத்திரி, 10 மைல். ஷெல் காயம், பையன்." "பெரியாஸ்பத்திரி. போகும் வழியில் முடிந்தது. திரும்பினோம்." இப்படியே பக்கம் பக்கமாக. இரண்டு கதவுக் காரில் நிறைமாதக் கர்ப்பிணியை முன் ஆசனத்தை மடக்கிப் பின்னால் ஏற்றுவது எவ்வளவு சிரமம் என்பதை அதை வடிவமைத்த இத்தாலியர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். "1995 ஒக்ரோபர் 30. 13 மைல். 16 மணித்தியாலம்" என்று ஒரு வரி. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த நாள். செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், சனத்துக்குள்ளே சனத்தின் வேகத்தில் அந்தக் கார் போனது. அன்று காரணம் என்ற நிரலில் ஒன்றும் எழுதவில்லை. செய்த வேலை என்ற நிரலில் மட்டும் "றேடியேற்றருக்கு மழைத் தண்ணீர்" என்றிருந்தது.

இனி விளம்பரத்துக்கு வருவோம்.

ரொறன்ரோவில் இருந்து மகன் கைத்தொலைபேசியில் ஒரு வாசகம் அனுப்பியிருந்தார். "அபூர்வமான ஸ்போர்ட்ஸ் கூப்பே, மிகக் குறைந்த ஓட்டம், கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கப்பட்டது" என்பது அதன் சாரம். மண்ணெண்ணெய்க் கதையை மூச்சு விடவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் கெட்டவரல்லர். தாய்க்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்ற எண்ணம். அயலில் ஒரு தரகரும் அதையே சொன்னார். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது. இடையில் பாவித்த வாகனங்களுக்கு இருந்த கிராக்கியை நேயர்கள் அறிவீர்கள். தரகர்கள் வீடு வீடாகப் படலையைத் தட்டிய காலம் அது. "மண்ணெண்ணெய் எண்டு ஒரு சொல்லுப் போட்டால் பாதி விலை போச்சு, மாஸ்ரர்" என்றார் அவர்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஆறு வருசத்தையும் மறைச்சால் அவர் என்ன செய்தார் எண்டு நான் சொல்லுறது? கராஜுக்குள்ளை வைச்சுத் துடைச்சவர் எண்டோ?" என்று கேட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஔவையாரின் இன்னொரு புறநானூற்றுப் பாடல் நினைவுக்கு வந்தது. உங்களில் பலர் சாதாரணதரத்திலோ உயர்தரத்திலோ படித்திருப்பீர்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுக்குள் ஆயுதங்கள் மினுங்குகின்றன. ஔவையார் அவற்றைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வகுப்பில் இதை வஞ்சப் புகழ்ச்சி என்று சொல்லி, ஒரு வினாவும் விடையும் எழுதுவித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். என் எண்ணத்தில் அது பராமரிப்பைப் பற்றிய பாடலுங்கூட. தொண்டைமானின் வேல் பராமரிக்கப்பட்டது. அதியமானின் வேலும் பராமரிக்கப்பட்டதுதான். ஆனால் பட்டறையில். முறிந்ததை ஒட்டி மறுபடியும் களத்துக்கு அனுப்புவதற்காக. இன்றைய விளம்பரப் பக்கங்கள் தொண்டைமானின் கொட்டிலை மட்டுமே நல்ல நிலை என்று எண்ணுகின்றன. "குறைந்த ஓட்டம்" என்பது அங்கே உயர்ந்த பட்டம். ஓடாத காரைப் பராமரிப்பதில் என்ன இருக்கிறது? துடைப்பம் போதும்.

விற்பனையில் உண்மை பேசுவதற்கும் நம் இலக்கியத்தில் இடமிருக்கிறது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் காட்டும்போது, வாங்குவதை மிகையாக வாங்கார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார், பண்டத்தின் விலையை ஒளிக்காமல் சொல்லி விற்பார் என்கிறார். இதையெல்லாம் அந்தத் தரகருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் சங்க காலத்தில் போய்க் கார் விற்கச் சொல்வார்.

மாமியும் நானும் ஒரு பின்னேரம் இருந்து எழுதினோம். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சுருக்கவும் வேண்டியிருந்தது. கடைசியில் அச்சானது இதுதான்:

"விற்பனைக்குண்டு. ட்றயம்ப் ஹெரால்ட் கூப்பே, 1960. இரண்டாவது சொந்தக்காரர் 1968 முதல் 2023இல் காலமாகும் வரை தானே ஓட்டித் தானே திருத்தியது. 1990 முதல் 1996 வரை மண்ணெண்ணெயில் ஓடியது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் எஞ்சின் முழுதும் புதுக்கியது. இடப்பக்கச் சசித் தாங்கி துருப்பிடித்து 2011இல் ஒட்டியது. ஐந்து பதிவுக் கொப்பிகள் உண்டு. மாலை 4 மணிக்குப் பின் பார்வையிடலாம்."

"படு" எங்கும் இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். விலையை மாமி போடவிடவில்லை.

மூன்று கிழமைக்குள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சிலர் மண்ணெண்ணெய் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடிமாட்டு விலை கேட்டார்கள். தரகர் சொன்னது அந்த அளவில் சரி. நல்ல விலை சொன்னவர் ஒருவரே. மணமக்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர். காரைச் சுற்றி வந்து பார்த்தார். அதன் கூரை போல்ட் பூட்டியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கூரையைக் கழற்றி வீசிவிட்டு, வெள்ளைப் பெயின்ற் அடித்து, பின்னால் அகலமான ஆசனம் போட்டுத் திறந்த கலியாணக் காராக்கப் போவதாகச் சொன்னார். அவர் கேட்ட விலை மற்றவர்களின் விலையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மாமியின் விமான நாளுக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது.

அன்றிரவு மகன் தொலைபேசியில் மன்றாடினார். தாய் யோசித்தார். அதை நான் வெறும் மனப்பிடிப்பு என்று சொல்லமாட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கூரையைக் கழட்டினால் மழை பெய்யேக்கை அந்தக் காரை யார் தம்பி உள்ளுக்கு விடுறது?" கலியாணக் காரர் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுவிப்பவர். அவருக்கு அதைப்போல இன்னும் ஐந்து கார் இருந்தது. பதில் எனக்கும் தெரிந்தது, மாமிக்கும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் குருநாகலில் இருந்து ஒரு சிங்கள இளைஞர் வந்தார். பொறியியலாளர். எங்கள் விளம்பரத்தை அவருடைய கந்தோரில் வேலை செய்யும் தமிழர் ஒருவர் வாசித்துச் சொன்னாராம். கையில் துணி சுற்றிய காந்தம் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை உடல் முழுவதும் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு இடத்தில் பிடிக்கவில்லை. "அது 1996இலை திரும்பி வந்து பார்க்கேக்கை இருந்த ஓட்டை" என்று மாமி கேளாமலே சொன்னார். பிறகு அவர் காருக்குக் கீழே படுத்து ஒட்டிய தாங்கியைப் பார்த்தார். எழுந்து வந்து, கொப்பிகளைக் காட்டும்படி கேட்டார்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், முடியாத இடத்தில் ஆங்கிலத்தில், நான் வாசித்துச் சொன்னேன். ஒயில் மாற்றியவற்றை மட்டும் கேட்பார் என்று நினைத்தேன். மூன்றாவது கொப்பியில் காரணம் என்ற நிரலுக்கு வந்ததும் "எல்லாவற்றையும் வாசியுங்கள்" என்றார். ஷெல் காயம் என்பதற்குச் சிங்களச் சொல் எனக்கு உடனே வரவில்லை. அவரே சொல்லித் தந்தார். போகும் வழியில் முடிந்தது என்ற வரியை நான் வாசித்தபோது எவரும் ஒன்றும் பேசவில்லை. மாமி எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார். இரண்டு மணித்தியாலம் அப்படிப் போனது.

அவர் சொன்ன விலை கலியாணக் காரர் சொன்னதைவிடக் குறைவு, மற்றவர்கள் சொன்னதைவிடக் கூட. கொப்பிகளும் காரோடு வரவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மாமி நாலைக் கொடுத்தார். மூன்றாவது கொப்பியைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்துக் கொடுப்பது என்று தீர்ந்தது. சந்திக் கடையில் நானே நின்று எடுத்துக் கொடுத்தேன். ஐயாவின் பெயரில் இருந்த பதிவுப் புத்தகத்தை மரண அத்தாட்சிப் பத்திரம் காட்டி மாமியின் பெயருக்கு மாற்றும் அலுவலை முன்னமே முடித்து வைத்திருந்தபடியால் வேறு தடங்கல் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு நண்பரோடு வந்து காரைத் தானே ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். தள்ளத் தேவைப்படவில்லை. படலையடியில் கார் திரும்பியது. ஹெரால்ட் மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பும், எங்கள் ஒழுங்கைக்கு அது நல்ல பொருத்தம். மாமி திடீரென்று கையைக் காட்டி மறித்தார். முன்சில்லைத் தாங்கும் பித்தளை முட்டு ஒன்று ஹெரால்டில் உண்டு. மற்றக் கார்களைப்போல அதற்குக் கிறீஸ் அடித்தால் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. காலப்போக்கில் தேய்ந்து முறிந்து சில்லு மடங்கிவிடும். கியர் ஒயில்தான் விடவேண்டும். ஐந்து கொப்பியிலும் ஐயா அதை எழுதியிருந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு வடிவாச் சொல்லுங்கோ, கிறீஸ் வேண்டாம், ஒயில் எண்டு" என்றார் மாமி. அந்த முட்டுக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பொனற்றை முழுதாகச் சாய்த்துத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினேன்.